பிரைட் என்ற எருதும் நான் எழுதிய கடிதங்களும்

எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு இந்த ஆண்டு நாற்பது வயது. அதைக் கொண்டாட, மூத்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கையை எழுதி வாசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. போன வியாழக்கிழமை ஃபிலேனா காட்ஃப்ரி வாசித்தாள். அவளுடைய கதையில் அவள் ஒரு தடவைகூடத் தவறு செய்யவில்லை. பசித்தவர்களுக்குப் பரிமாறினாள், காய்ச்சல்காரர்களைத் தேற்றினாள், வாசலுக்கு வந்த ஓநாயைத் துடைப்பத்தால் விரட்டினாள். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், அடுத்தது என் முறை என்பது ஞாபகம் வந்ததால்.

என் பெயர் ஆர்பா விட்கம். வயது எழுபது. அயோவாவில் இந்த எல்ம் ஓடைக் கரைக்கு வந்து நாற்பத்தேழு வருடமாகிறது. பிறந்தது வெர்மான்ட்டில், ஒரு மலைச்சரிவில். வீட்டில் எட்டுப் பெண்கள், நான் ஏழாவது. பதினாறு வயதில் பள்ளி ஆசிரியை ஆனேன். நிறையப் படித்தவள் என்பதால் அல்ல. என் குரல் மூன்று வயல் தாண்டிக் கேட்கும், அடுப்புக்கு விறகு நானே பிளந்துகொள்வேன், அதனால் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. ஒன்று என் கையெழுத்து. இன்னொன்று, நான் பொய்யே சொல்லமாட்டேன் என்பது. இரண்டையும் ஊரே அறியும்படி பார்த்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துப் புகைபோக்கி இடிந்தபோது அதைக் கட்ட லைமன் விட்கம் வந்தார். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை, மூன்று வாரம் நடந்தது. பிள்ளைகள் போன பிறகும் ஏணியிலேயே உட்கார்ந்திருப்பார். அப்போது நான் மிஸ் ஹேட்ச்.

“மிஸ் ஹேட்ச், அயோவாவுல கல்லே கிடையாதாம்.”

“கல்லே கிடையாதா?”

“பேருக்குக்கூட ஒண்ணு இல்லையாம். கலப்பையை இங்க இறக்கினா சாயங்காலம் வரைக்கும் தட்டாம போயிட்டே இருக்குமாம்.”

வெர்மான்ட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இதைவிட இனிப்பாக யாராலும் பேச முடியாது. ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் வயலில் புதிதாகக் கல் முளைத்திருக்கும். எட்டுப் பெண்களும் முதுகு ஒடியப் பொறுக்குவோம். நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அயோவாவில் கல் இல்லை. வீடும் இல்லை, வேலியும் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் மரமும் இல்லை. நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் அம்மா அப்பாவை எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே நானும் அவரை ‘மிஸ்டர் விட்கம்’ என்றுதான் கூப்பிட்டேன். ஓடைக்கரையில் கிடைத்த மரத்தை வெட்டி அவர் ஒரே அறையாக ஒரு வீடு கட்டினார். நான் முதல் ரொட்டியைச் சுட்டேன். ஒன்றரை மைல் தள்ளியிருந்த டார்கஸ் புரூயிட் பார்க்க வந்தாள். கென்டக்கிக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், புகைக்குழாயில் புகையிலை பிடிப்பாள். ரொட்டியை எடுத்து மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள். மேஜைதான் சத்தம் போட்டது.

“என்ன புள்ள, ஊர்ல கல்லே இல்லைன்னு உன் புருஷன் கவலைப்பட்டானா? நல்லதாப் போச்சு. இன்னும் நூறு சுடு, அஸ்திவாரமே போட்டுடலாம்.”

அந்த இலையுதிர் காலத்தில் நான் வீட்டைவிட்டு ஓடிப்போனேன். சண்டை ஒன்றும் இல்லை. மூன்று நாள் காற்று நிற்காமல் அடித்தது, அவ்வளவுதான். துணிப்பையில் இரவு உடுப்பு, ஆசிரியை வேலைக்கான சான்றிதழ், இரண்டு சோள ரொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு, அவர் விறகு வெட்டப் போயிருந்த நேரத்தில் கிளம்பினேன். மதியத்துக்கு மேல் கிளம்பி, நிமிர்ந்த தலையோடு ஐந்து மைல் நடந்தேன். எதிரே டார்கஸின் கணவர் ஈனாக் மாவு அரைத்து எடுத்துக்கொண்டு வண்டியில் வந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்கம்மா?”

“வெர்மான்ட்டுக்கு.”

ஈனாக் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். “போகலாம். ஆனா இந்த வழியாப் போனா முதல்ல பசிபிக் கடல் வரும்.”

ஆறு வருடம் நான் புவியியல் கற்றுக்கொடுத்திருக்கிறேன். வண்டியில் ஏறி மாவு மூட்டைமேல் உட்கார்ந்தேன். வீட்டு வாசலில் மிஸ்டர் விட்கம் என் துணிப்பையைப் பார்த்தார்.

“ஏதாவது பாத்தியா?”

“புல்லு.”

“ஆமா. அந்தப் பக்கம் புல்லு நல்லா இருக்கும்.”

அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. டார்கஸ் எடுத்தாள். நான் எங்காவது கிளம்பினாலே, “சூரியனைப் பாத்துக்க புள்ள” என்பாள்.

எங்களுக்கு நான்கு குழந்தைகள். எலெக்டா மூத்தவள், பிறந்தபோதே ஏதோ கணக்குக் கேட்பதுபோல முறைத்தாள். அடுத்து ஏசா. மூன்றாவது சைலஸ். அவனுக்கு இரண்டு வயதாகி ஒரு மாதம் ஆனபோது செங்காய்ச்சல் வந்து ஐந்தாவது நாள் போய்விட்டான். எதற்கும் எனக்கு ஒரு பேச்சு இருக்கும். அதற்கு மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஓடைக்கு மேலே இருக்கிற மேட்டில் அவர் குழி தோண்டினார், நான் பக்கத்தில் நின்றேன். மறு வருடம் பெர்சிஸ் பிறந்தாள்.

அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது. இதில் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். வியாழன்தோறும் தையல் கூட்டத்தில் அடிமை முறையைப் பற்றி நான் பேசுவேன். மற்றவர்கள் ஒரு காலுறை பின்னி முடிக்கும்வரை பேசுவேன். மனிதனை மனிதன் விற்கிற நாட்டில் வீட்டிலே உட்கார்ந்திருக்கிற ஆண் என்ன ஆண் என்று கேட்டேன். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். 1862 ஆகஸ்டில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்க ஓர் அதிகாரி தேவாலயத்துக்கு வந்து பேசினார். முதலில் எழுந்தவர் மிஸ்டர் விட்கம்.

வண்டியில் திரும்பும்போது நான் வாயைத் திறந்தேன். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டேனே. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீ பேசினதை எல்லாம் கேட்டுட்டுத்தான இருந்தேன்.”

சொந்தப் பேச்சாலேயே புருஷனைப் போருக்கு அனுப்பியவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அழக்கூட முகம் இல்லை.

எங்களிடம் ஒரு ஜோடி எருதுகள் இருந்தன: பக், பிரைட். பக் சாது. பிரைட் சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, மிஸ்டர் விட்கமின் செல்லம். புறப்படும் நாள் காலையில் அவர் பிள்ளைகளை முத்தமிட்டார், எனக்கு விதைச்சோளத்தைப்போல ஒவ்வொன்றாகப் புத்திமதி சொன்னார். பாதிக்கு மேல் பிரைட்டைப் பற்றி.

“இடது காதுக்குப் பின்னாடி சொறிஞ்சு விடு, அப்பத்தான் நுகத்தடிக்குத் தலையைக் குனிவான். கொட்டில் கதவுத் தாழ்ப்பாளை ரெண்டு தடவை பாரு. மழை பெஞ்ச காலையில இளம்புல்லுல மட்டும் விட்டுடாத, வயிறு உப்பிடும்.”

“எனக்குத் தெரியாதா மிஸ்டர் விட்கம்?”

பத்து மாதம் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டேன். அடுத்த ஜூனில் ஒரு காலை, பக்கத்து நகரத்துப் பத்திரிகைக்கு ஒரு கவிதை எழுத உட்கார்ந்தேன். கணவரைப் போருக்கு அனுப்பிவிட்டு, தூங்காத கண்ணோடு வீட்டையும் காட்டையும் காக்கிற வீரத்தாயைப் பற்றி. நான்காவது அடியில் எதுகை சிக்கவில்லை. அதைத் தேடிக்கொண்டிருந்தபோது ஏசா ஓடிவந்தான்.

“அம்மா! பிரைட்டு பீப்பா மாதிரி ஆயிட்டான்!”

முந்தைய இரவு தாழ்ப்பாளை நான் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. இரவெல்லாம் பெய்த மழையில் நனைந்த இளம்புல்லில் இரண்டும் மேய்ந்திருந்தன. பக் கொஞ்சமாகத் தின்றிருந்தது. பிரைட் எதையும் கொஞ்சமாகச் செய்ததில்லை. ஈனாக்கும் டார்கஸும் கத்தியோடு ஓடிவந்து விலாவில் குத்திக் காற்றை எடுக்கப் பார்த்தார்கள். நேரம் தாண்டிவிட்டது. வீரத்தாய் சேற்றில் உட்கார்ந்து அந்த இடது காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் நடந்ததை நடந்தபடி கடிதமாக எழுதினேன். கவிதையையும் மறைக்கவில்லை. டார்கஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டுக் குழாயை வாயிலிருந்து எடுத்தாள்.

“இதையா அனுப்பப்போற?”

“உண்மையைத்தான எழுதியிருக்கேன்.”

“நல்லா எழுதியிருக்க. அவன் அங்க எதிரியோட துப்பாக்கியைப் பாப்பானா, இங்க செத்த மாட்டைப் பாப்பானா? உன் மனசு சுத்தமாகணும்னு அவன் தலையில கொட்டுறியா புள்ள?”

கடிதத்தை அடுப்பில் போட்டேன். வேறு எழுதினேன்: எல்லோரும் நலம், சோளம் முழங்கால் உயரம், பிரைட் கொழுத்துக்கொண்டு வருகிறான். என் வாழ்க்கையில் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது. கையெழுத்து என்னவோ அழகாகத்தான் இருந்தது.

சங்கடம் என்னவென்றால், அதற்கு மூன்று வாரம் முன்புதான் ஏசா பால் ஜாடியை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டிருந்தான். ‘நான் பொய் சொல்லமாட்டேன்’ என்று சிலேட்டில் இருபது தடவை எழுதவைத்தேன். எழுத்து கோணினால் அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். பத்து வயது எலெக்டா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள். கடிதத்தை மடித்துத் தபாலுக்குத் தயார் செய்வது அவள் வேலை. மடிக்கும் முன் படித்தாள்.

“அம்மா, நீங்க எத்தனை தடவை எழுதணும்?”

“எதை?”

“ஏசா இருபது தடவை எழுதினான்ல.”

“அது வேற. அப்பா மனசு நோகக் கூடாதுன்னு நான் இப்படி...”

“ஏசாவும் உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் பூனைன்னான்.”

பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே என்றேன். பதில் இல்லாதபோது சொல்வதற்காகவே உண்டான வாக்கியம் அது. கடிதத்தின் கீழே அப்பாவுக்கு நீயும் ஒரு வரி எழுது என்று பேனாவைக் கொடுத்துவிட்டுக் கோழிகளைப் பார்க்கப் போய்விட்டேன். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. அவள் எழுதுவதை நான் பார்ப்பதில்லை; அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை.

ஒரு பொய் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மிஸ்டர் விட்கம் ஒவ்வொரு கடிதத்திலும் பிரைட் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். ‘நலம்’ என்று எழுதினால், ‘விவரமாக எழுது’ என்று பதில் வந்தது. விவரத்துக்கு நான் எங்கே போவேன்? ஏசா கைகொடுத்தான். அவனுக்கு அந்தத் திறமை இருப்பது அதுவரை தெரியாது.

“பிரைட்டு பாதிரியாரோட தொப்பியைத் தின்னுட்டான்னு எழுதுங்கம்மா.”

“பாதிரியார் ஏன்டா கொட்டிலுக்கு வரார்?”

“ஜெபம் பண்ண வந்தார். பிரைட்டுக்கு இருமல்.”

எழுதினேன். பிறகு பிரைட் ஓடையை நீந்திக் கடந்தான், ஓநாயைக் கொம்பால் முட்டினான், சுதந்திர தின விழாவில் இசைக்குழுவுக்கு முன்னால் நடந்தான். உயிரோடிருந்தபோது அந்த எருது இதில் பத்தில் ஒரு பங்குகூடச் செய்ததில்லை.

உழவு நிற்குமா? பக்கோடு எங்கள் கறவை மாடு டாலியை நுகத்தடியில் பூட்டினேன். எருது ஒரு நடை, பசு ஒரு நடை, பின்னால் நான் ஒரு நடை. கலப்பை என்னை இழுத்துப்போட்டு மார்பிலும் முழங்காலிலும் நிறம் நிறமாகக் கன்றிப்போயிற்று. சாலில் எத்தனை தடவை முகம் குப்புற விழுந்தேன் என்று பெர்சிஸ் எண்ணுவாள்; அவளுக்கு ஏழுக்கு மேல் எண்ணத் தெரியாததால் என் மானம் பிழைத்தது. டார்கஸ் வரப்பில் நின்று என் உழவைப் பார்த்தாள்.

“இந்தச் சால்ல ஒரு பாம்பு போனா அதுக்கே தலை சுத்தும் புள்ள.”

ஆனாலும் சோளம் முளைத்தது. கோணல் சாலிலும் சோளம் நேராகத்தான் வளரும் என்று அந்த வருடம் கண்டுகொண்டேன். மூன்று அறுவடை எடுத்தோம். பிள்ளைகள் ஒரு நாளும் வெறும் வயிற்றோடு படுக்கவில்லை. சோள ரொட்டி, உப்புப் பன்றிக்கறி, வறுத்த தானியத்தில் போட்ட காப்பி. சமையல் என்னுடையது என்பதுதான் அவர்கள் பட்ட கஷ்டம்.

மிஸ்டர் விட்கமும் நலமாக இருப்பதாகவே எழுதினார். சாப்பாடு பிரமாதம், கொஞ்சம் குண்டாகிவிட்டேன் என்பார். 1865 ஜனவரியில் வந்த கடிதத்தைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, இடதுபுறம் சாய்ந்து, கோழி கிளறியதுபோல. ‘பேனா சரியில்லை’ என்று ஒரு வரி. எனக்குள் இருந்த ஆசிரியை எழுந்துவிட்டாள். உடனே பதில் எழுதினேன்: தூரத்தில் இருந்தாலும் ஒருவன் தன்னை இப்படி விட்டுவிடக் கூடாது, பேனாவைக் குறை சொல்வது சோம்பேறிகள் வழக்கம், நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். அதோடு நிறுத்தினேனா? தனித் தாளில் ‘விட்கம்’ என்று எங்கள் பெயரை அழகாக எழுதி, ‘இதைப் பார்த்துப் பத்து முறை எழுதி அனுப்பவும்’ என்று குறிப்பும் வைத்தேன்.

அடுத்த கடிதத்தில் அந்தத் தாள் திரும்பி வந்தது. பத்து ‘விட்கம்’. முதலாவது படுமோசம், பத்தாவது பரவாயில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தியது. அதை நான் டார்கஸுக்குக் காட்டினேன்.

“பாத்தீங்களா? ஆயிரம் மைலுக்கு அப்பால இருந்தும் பாடம் நடத்துறேன்.”

“எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா ஒரு ஆம்பளை திடீர்னு வேற மாதிரி நடந்தா, காலைத்தான் முதல்ல பாப்பேன்” என்றாள் அவள். அவள் என்ன சொல்கிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

போர் முடிந்தது. ஜூன் மாதத்து முற்பகல் ஒன்றில் சோள வரிசைகளுக்கு நடுவே களை உழுதுகொண்டிருந்தேன். மிஸ்டர் விட்கமின் பழைய கால்சட்டை, வைக்கோல் தொப்பி, கழுத்தில் வியர்வைத் துணி. சாலை ஓரத்தில் ஒருவர் வந்து வேலியில் சாய்ந்து நின்றார். நீலச் சட்டை. சட்டையின் வலது கை, தோளிலிருந்து காலியாக மடித்து ஊசி குத்தியிருந்தது.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவர் டாலியைப் பார்த்தார். பக் சோளத் தளிரைத் தின்ன ஆரம்பித்துவிட்டது, தடுக்கத் தோன்றவில்லை.

“பிரைட் இளைச்சுப்போயிட்டான் போலிருக்கே” என்றார் அவர். “மடி வேற முளைச்சிருக்கு.”

கலப்பைக் கைப்பிடியைப் பிடித்தபடி நான் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. பாதியில் அது வேறு எதுவாகவோ மாறிவிட்டது. வேலியைத் தாண்டிப் போனேன். தாண்டும்போது கால்சட்டை மாட்டி அவர் மேலேயே விழுந்தேன். ஒரு கையாலேயே பிடித்துவிட்டார்.

“உங்க எழுத்தை நான்...” என்று ஆரம்பித்தேன். மருத்துவமனைக் கட்டிலில் படுத்து, பழக்கமில்லாத இடது கையில் பேனாவைப் பிடித்து, என்னுடைய பத்து ‘விட்கமை’ அவர் எழுதியதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“வலது கை இருந்தப்ப என் எழுத்து இவ்வளவு நல்லா இருந்ததே இல்ல” என்றார். “அந்தக் காகிதம் வந்த அன்னைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தேன். நிமிர்ந்து உட்காரச் சொல்லி உத்தரவு வந்திருந்ததே.”

“ஏன் சொல்லல?”

“நீ பிரைட்டைப் பத்திச் சொன்னியா?”

வீட்டுக்குள் போய் அவர் பையிலிருந்து கடிதக் கட்டை எடுத்தார். அதில் ஒன்றை, பிரைட் செத்த ஜூனில் நான் எழுதிய அதே கடிதத்தை, உருவி மேஜையில் விரித்தார். என் அழகான பொய்க்குக் கீழே எலெக்டாவின் வரி இருந்தது: ‘நான் நலம். மழை பெய்கிறது. டாலியை ஏரில் பூட்டப் பழக்குகிறோம்.’

எலெக்டா அடுப்புக்குப் பக்கத்தில் காதுவரை சிவந்து நின்றாள். “நான் பொய் எழுதலம்மா. நீங்க என்ன எழுதினீங்கன்னும் சொல்லல.”

“பசுவைப் பூட்டுறாங்கன்னா எருது இல்லைன்னு எனக்குத் தெரியாதா?” என்றார் அவர்.

“ரெண்டு வருஷமாத் தெரியுமா? அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் பிரைட் எப்படி இருக்கான்னு கேட்டீங்க?”

“நீ என்ன சொல்லுவேன்னு பாக்கத்தான். முதல்ல கூடாரத்துல எல்லாரும் கேப்பாங்க. அப்புறம் மருத்துவமனைல ஒரு வரிசை முழுக்கக் கேக்கும். பாதிரியார் தொப்பியை மூணு தடவை படிக்கச் சொன்னாங்க. பக்கத்துக் கட்டில்ல இந்தியானாப் பையன் ஒருத்தன், மூச்சே விட முடியாம கிடந்தான். ‘அந்த மாடு இந்த வாரம் என்ன பண்ணிச்சு?’ன்னு கேட்டான். உன் கடிதம் வரல. நானே ஒண்ணு கட்டிச் சொன்னேன்.”

“என்ன சொன்னீங்கப்பா?” என்று ஏசா கிட்டே வந்தான், தொழில்காரன் தொழில்காரனைக் கேட்பதுபோல.

“பிரைட்டைக் கர்னல் ஆக்கிட்டாங்கன்னு.”

ஏசா யோசித்துவிட்டுத் தலையசைத்தான். நான் காப்பியைக் கொட்டிக்கொண்டிருந்தேன், கோப்பையில் அல்ல. “லைமன், கொஞ்சம் நகருங்க” என்றேன்.

கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான்கு வயதுப் பெர்சிஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“லைமன்னா யாரும்மா?”

அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் இருந்தார். கலப்பைக் கைப்பிடியில் தோல்வார் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு உழுதார், என்னுடையதைவிட நேராக. மருத்துவமனைச் சமையல்கட்டில் ஒரு கையால் மாவு பிசையக் கற்றிருந்தார். அவர் சுட்ட ரொட்டியைக் குடும்பமே பேசாமல் தின்றது. நான் சுடும்போது எப்போதும் பேச்சு இருக்கும். அந்த வேலையை அவரிடமே விட்டுவிட்டேன், பெருந்தன்மையோடு. புதுசாக வாங்கிய எருதுக்கு என்ன பெயர் வைப்பது என்று பிள்ளைகள் கேட்டபோது, “உங்கம்மாவைக் கேளுங்க, அவங்களுக்குத்தான் மாட்டைப் பத்தி எல்லாம் தெரியும்” என்றார்.

ஏசா நெப்ராஸ்காவில் பத்திரிகை நடத்துகிறான். அவன் எழுதுவதை அங்கே நிறையப் பேர் நம்புவதாகக் கேள்வி. எலெக்டா இந்த வட்டாரத்துப் பள்ளிகள் அத்தனைக்கும் கண்காணிப்பாளர். அவள் குதிரை வண்டி வளைவில் திரும்புவதைப் பார்த்தாலே ஆசிரியைகள் எழுந்து நிற்கிறார்களாம். பிள்ளைகளைச் சிலேட்டில் இருபது தடவை எழுதவைக்கும் தண்டனையை அவள்தான் நிறுத்தினாள். காரணம் கேட்டவர்களுக்கு, “பலன் இல்லை, நான் பாத்திருக்கேன்” என்றாளாம்.

லைமன் 1891 மார்ச்சில் ஆட்டுக்குட்டிகளைப் பார்க்க ஈரத்தில் போய் வந்து சளிக்காய்ச்சலில் விழுந்தார். நான்கு நாள். நான் கட்டில் பக்கத்திலேயே இருந்தேன். நல்ல வார்த்தையாக நாலு சொல்லியிருக்கலாம். நான் சொன்னதெல்லாம் பூட்ஸைப் பற்றி: பழைய பூட்ஸ் ஓட்டை என்று சொன்னேனா இல்லையா, புதுசை எதற்குப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள், யார் போட்டுக்கொள்ள என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “சொல்லு, சொல்லு” என்றார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எப்போது கேட்பதை நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. மேட்டில் சைலஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார். புது பூட்ஸ் போட்டுத்தான் அனுப்பினேன்.

இப்போது பெர்சிஸ் வீட்டில் இருக்கிறேன். அவள் மகள் ஹெஸ்டருக்குப் பதினாலு வயது. இந்த வசந்தத்தில் அவளுக்கு ஒரு சைக்கிள் வந்தது. மாவு வண்டி, எருது, பசு எல்லாம் பார்த்தவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று போன மாதம் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறினேன். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் கதவிலிருந்து கிளம்பியபோது ஒரு கால்வாசி நிமிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. காற்று முகத்தில் அடித்தது. கீழே பாதை அது பாட்டுக்கு ஓடியது. நிறுத்துவது எப்படி என்று நான் கேட்டிருக்கவில்லை. கோழிக்கூண்டு நிறுத்தியது.

“அம்மா! எழுபது வயசுல!” என்று பெர்சிஸ் ஓடிவந்தாள்.

“சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று பின்னாலேயே ஹெஸ்டர்.

முழங்கால் ஆறிவிட்டது. கோழிகள் நான்கு நாள் முட்டை இடவில்லை. அதைப் பெர்சிஸ் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். சைக்கிளை ஹெஸ்டர் எனக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருக்கிறாள். வைக்கோல் பரணுக்குக் கீழே, பழைய சாக்கை மேலே போட்டு.